இயந்திரக் காயமும் இழப்பீடும்: எல்லையோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை பதில் சொல்ல எடுத்துக்கொண்ட ஐந்து கடிதங்களும் பாலக்காட்டுக் கணவாய்க்கும் செங்கோட்டைக்கும் இடைப்பட்ட எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. ஒருவருக்கு வீடு கேரளத்தில், வேலை தமிழ்நாட்டில், இன்னொருவருக்கு நேர்மாறு. காயம்பட்டவர்களின் பெயர்களையும் ஆலைகளின் பெயர்களையும் நீக்கிவிட்டேன். தொடங்குமுன் ஒரு குறிப்பு. 1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டம், அதே ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஆகியவற்றின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இக்கடிதங்களில் சொல்லப்படும் விபத்துகள் எல்லாம் அத்தேதிக்கு முந்தியவை என்பதால் பழைய சட்டங்களை வைத்தே எழுதுகிறேன். இழப்பீட்டின் அடிப்படைகள் புதிய தொகுப்பிலும் பெரிதாக மாறிவிடவில்லை.

கேள்வி: ஐயா, நாங்கள் கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் குடியிருக்கிறோம். என் கணவர் கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கமுள்ள ஒரு மஞ்சி (தேங்காய் நார்) மில்லில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தார். 2024 ஆகஸ்டில், மட்டை அடிக்கும் டிரம்மில் சுற்றிக்கொண்ட நாரை எடுக்கும்போது வலது கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அடியோடு போய்விட்டன. அப்போது அவருக்கு 34 வயது; நாள் கூலி 700 ரூபாய், மாதம் 26 நாள் வேலை. மில்லில் மொத்தம் எட்டுப் பேர். ஆஸ்பத்திரிச் செலவு 1,10,000 ரூபாயை முதலாளியே கட்டினார். பிறகு 60,000 ரூபாய் கொடுத்து, இனி எந்தப் பாத்தியமும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். இன்னும் ஏதாவது கேட்டால், "ஓடுகிற மிஷினில் கையை விடச் சொன்னது யார்?" என்கிறார். நாங்கள் கேரளத்தில் இருப்பதால் அங்கே வழக்குப் போட முடியாது என்றும் சிலர் சொல்கிறார்கள். எங்களுக்கு ஏதேனும் வழி உண்டா?

பதில்: வழி உண்டு, சகோதரி, ஆனால் நாள் குறைவு. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் இழப்பீட்டு மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும். உங்கள் கணக்கில் அது 2026 ஆகஸ்டோடு முடிகிறது. தக்க காரணம் காட்டினால் காலதாமதத்தை மன்னிக்க, இந்த மனுக்களை விசாரிக்கும் பணியாளர் இழப்பீட்டு ஆணையருக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அந்தத் தயவை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

முதலில் அந்த முத்திரைத்தாளைப் பற்றிய பயத்தை விடுங்கள். இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளி விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று 1923 சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தொகையைப் பேசி முடித்துக்கொள்வதற்குத் தடை இல்லை. ஆனால் அப்படிப் பேசி முடித்ததை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும், தொகை போதாது என்று தோன்றினால் அவர் பதிவு செய்ய மறுக்கலாம். பதிவு செய்யாமல் வைத்துக்கொண்ட தாள் முதலாளிக்கே பாதகமாக முடியும். 29-ஆம் பிரிவின்படி அவர் முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பாவார். ஏற்கனவே கொடுத்த தொகையில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ள, ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, அவருக்கு உரிமை கிடையாது. அதாவது உங்களுக்குக் கொடுத்த 60,000 ரூபாயில் அவர் கழிக்கக்கூடியது பொதுவாக 30,000 ரூபாய்தான். மருத்துவமனைக்குக் கட்டிய 1,10,000 ரூபாயை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்கவே முடியாது. சிகிச்சைச் செலவு முதலாளி தனியாக ஏற்க வேண்டிய ஒன்று என்பது 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்திலிருந்து தெளிவாக உள்ளது.

இனித் தொகைக்கு வருவோம். ஒரு கையின் மூன்று விரல்கள் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணை நிர்ணயித்திருக்கிறது. உங்கள் கணவரின் மாதக் கூலி 18,200 ரூபாய் வந்தாலும், 2020 ஜனவரி 3 முதல் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் உச்சவரம்பு 15,000 ரூபாய்தான். அதில் 60 சதவீதம் 9,000 ரூபாய். 34 வயது நிறைந்தவருக்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணை தரும் பெருக்கெண் 199.40. இரண்டையும் பெருக்கினால் 17,94,600 ரூபாய். அதில் 30 சதவீதம் 5,38,380 ரூபாய். இதுதான் அவருக்கு உரிய அசல் தொகை. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கடனாகிவிடுகிறது என்பதால், ஒரு மாதத்துக்குள் கொடுக்கத் தவறிய முதலாளி ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் தர வேண்டும். ஓராண்டுக்கு மட்டும் அது 64,600 ரூபாயைத் தாண்டுகிறது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்று ஆணையர் கருதினால் அசலில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். 60,000 ரூபாயை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

எட்டே பேர் வேலை செய்யும் மில் என்பதால் அது இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வராது; அதற்குப் பத்துப் பேர் வேண்டும். ஆனால் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு அந்த எண்ணிக்கை தடை ஆகாது. மின்சக்தியால் இயங்கும் உற்பத்தி இடத்தில் ஒருவர் மட்டும் வேலை செய்தாலும் சட்டம் பொருந்தும்.

மாநில எல்லையைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்கள் அச்சட்டத்தின் 21-ஆம் பிரிவைப் படிக்காதவர்கள். விபத்து நடந்த இடத்து ஆணையரிடமோ, காயம்பட்டவர் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்து ஆணையரிடமோ, முதலாளியின் பதிவு அலுவலகம் உள்ள இடத்து ஆணையரிடமோ மனுச் செய்யலாம். ஆகவே கோவைக்குப் போவதா, பாலக்காட்டிலேயே தாக்கல் செய்வதா என்று தீர்மானிப்பது நீங்கள்தான். வாரம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பேருந்து ஏற முடியாதவர்களுக்கு வீட்டருகே வழக்கு நடப்பது பெரிய ஆறுதல். மலையாளத்தில் எழுத வராதே என்ற தயக்கமும் வேண்டாம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தருகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்கள், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகிய மூவருக்குமே வருமானத்தைப் பாராமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

கூலிச் சீட்டு இல்லை என்று நீங்கள் தனியாக எழுதியிருந்த கவலைக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்று சொல்லும் தாள், உங்களுடைய முதல் சாட்சி. முதலாளியே சிகிச்சைச் செலவைக் கட்டிய ரசீது இரண்டாவது. உங்கள் வாயை அடைக்க எழுதப்பட்ட முத்திரைத்தாளே மூன்றாவது. யாருடைய மில்லில், யாருக்கு, எந்த நாளில் காயம் பட்டது என்பதை அவரே எழுதிக் கையில் வைத்திருக்கிறார். கைபேசி வழியாக வந்த கூலிப் பணத்தின் பதிவும், உடன் வேலை செய்த ஒருவரின் சாட்சியமும் சேர்ந்தால் போதும்.

"கையை விடச் சொன்னது யார்?" என்ற கேள்வியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மில் பேச்சில் "மிஷினுக்குக் கையைக் கொடுத்துட்டான்" என்பார்கள், ஏதோ விரும்பித் தானம் செய்ததைப் போல. அந்த இயந்திரத்தின் வேகம் என்ன என்று பாருங்கள். சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று, அதாவது நொடிக்கு 24 சுற்று சுற்றுகிறது. அதன் தண்டில் 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள புல்லி இருந்தால், அதன்மேல் ஓடும் பெல்ட் நொடிக்கு 11 மீட்டருக்கு மேல் நகரும். விரலை ஏதோ இழுக்கிறது என்று மூளை உணர்ந்து கையைப் பின்னுக்கு எடுக்கக் கால் நொடியாவது வேண்டும். அந்தக் கால் நொடியில் பெல்ட் இரண்டே முக்கால் மீட்டர் கடந்துவிடுகிறது. மனிதக் கை அவ்வளவு நீளம் இல்லை. டிரம்மோ கனமானது, சுவிட்சை அணைத்த பிறகும் தன் வேகத்திலேயே வெகுநேரம் சுற்றும். சத்தம் குறைந்துவிட்டதால் நின்றுவிட்டது என்று நினைத்துக் கை வைப்பவர்கள் உண்டு. ஆதலால்தான் எச்சரிக்கையாக இரு என்று வாயால் சொல்வதோடு சட்டம் நின்றுவிடவில்லை. கை போக முடியாதபடி மூடி வை என்கிறது. ஈரமான நார் டிரம்மில் சுற்றும், அதை யாராவது எடுத்தே ஆக வேண்டும் என்பது முதலாளிக்குத் தெரிந்த அன்றாட வேலை. தெரிந்த வேலையைச் செய்யும்போது ஏற்பட்ட கவனக்குறைவு இழப்பீட்டை மறுக்கக் காரணமாகாது.

கேள்வி: வேலந்தாவளம் அருகே ஒரு சிறிய பஞ்சு மில்லில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். விரல் துண்டானால் அந்தத் துண்டை ஐஸில் போட்டு எடுத்துப்போக வேண்டும் என்கிறார்களே, சரியா?

பதில்: பாதி சரி. ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து கெட்டுவிடும். பிறகு ஒட்ட முடியாது. துண்டைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாக அலசி, நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் காயத்திலோ துண்டிலோ படக் கூடாது. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். அழுத்தினாலே பெரும்பாலும் இரத்தம் கட்டுப்படும், கயிற்றால் இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டத்தை முழுக்க நிறுத்திவிட வேண்டாம். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குமுன் கழற்றுங்கள். அறுவைச் சிகிச்சை இருக்கும் என்பதால் வழியில் டீ, பன் வாங்கித் தர வேண்டாம். விரலில் தசை இல்லாததால், குளிர்ச்சியாக வைத்திருந்தால் பல மணி நேரம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேல் துண்டான கையோ தசை உள்ளதாகையால் ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். நசுங்கிப்போனதே என்று துண்டை மில்லிலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது பயன்படுமா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். உங்கள் பகுதிக்குக் கோவை பக்கம். துண்டான உறுப்பை ஒட்டும் நுண் அறுவைச் சிகிச்சைக்கு அங்குள்ள கங்கா மருத்துவமனை பெயர் பெற்றது. விபத்து நேர்ந்த மணியை ஒரு தாளில் குறித்துக் கொடுத்தனுப்பினால் மருத்துவருக்கும் உதவும், பிற்பாடு வழக்குக்கும் உதவும்.

கேள்வி: மதுக்கரையில் குடியிருக்கிறேன். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி ஆலையில் கான்ட்ராக்டர் மூலம் வேலைக்குச் சேர்ந்தேன். 2025 செப்டம்பரில், சேர்ந்த நான்காம் நாளே ரோலர் பக்கத்தில் இடது மணிக்கட்டு நசுங்கித் தீக்காயமும் பட்டது. தனியார் மருத்துவமனையில் சேர்த்து, பைக்கிலிருந்து விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். நானும் வலியில் அப்படியே சொல்லிவிட்டேன். இப்போது, "உன் பெயரை இ.எஸ்.ஐ.யில் ஏற்றவே இல்லை, நான்கு நாளுக்கு என்ன இருக்கிறது?" என்று கான்ட்ராக்டர் கேட்கிறார். வேலைக்கும் வர வேண்டாம் என்கிறார்.

பதில்: நான்கு நாள் என்பதும் ஒரு நாள் என்பதும் இ.எஸ்.ஐ.யில் வேலைக்காயத்தைப் பொறுத்தவரை ஒன்றே. நோய்க்கால உதவிக்குத்தான் இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலைக்காயத்துக்கு அது கிடையாது. காப்பீடு பெற்றவர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமே சந்தா செலுத்தப்பட்டவர் அல்லது செலுத்தப்பட வேண்டியவர் என்பதுதான். "செலுத்தப்பட வேண்டிய" என்ற இந்த இரண்டு சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஏற்றாதது முதலாளியின் தவறு. அதன் விளைவை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. உங்களுக்குரிய பலனை இ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடமிருந்து வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் வழி இருக்கிறது. கான்ட்ராக்டர் ஆளாயிற்றே என்று ஆலை நிர்வாகம் கையை விரிக்கவும் முடியாது. சந்தாவை முதலில் கட்ட வேண்டியவர் முதன்மை முதலாளியே, அதாவது ஆலை நிர்வாகமே. கான்ட்ராக்டரிடம் பிறகு பிடித்துக்கொள்வது அவர்களுக்குள் உள்ள கணக்கு.

உங்கள் வழக்கின் பலவீனம் அந்த பைக் கதைதான். இந்தப் பகுதியில் நான் பார்க்கிற கோப்புகளில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வரும் கதை அது. சில சமயம் பைக்குக்குப் பதிலாகக் குளியலறை. நல்லவேளையாக, உங்கள் உடம்பு வேறு கதை சொல்கிறது. பைக்கிலிருந்து விழுந்தவருக்குச் சிராய்ப்பு வரும், எலும்பு முறியும்; மணிக்கட்டைச் சுற்றி நசுங்கலும் தீக்காயமும் சேர்ந்து வராது. சிகிச்சைக் குறிப்பின் முழு நகலையும் காயச் சான்றையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். முதல் நாள் என்ன சொன்னீர்கள், ஏன் சொன்னீர்கள், உண்மையில் என்ன நடந்தது என்று தேதியோடு ஒரு கடிதம் எழுதி, ஆலை நிர்வாகத்துக்கும், அப்பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அன்றைய ஷிப்டில் இருந்த ஒருவர் பெயரையாவது அதில் குறிப்பிடுங்கள். வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து வேலையால்தான் நேர்ந்தது என்று, மறுப்புச் சான்று இல்லாதவரை, சட்டம் ஊகித்துக்கொள்ளும். அந்த ஊகத்தின் பலன் கிடைக்க, நீங்கள் வேலை நேரத்தில் உள்ளே இருந்தீர்கள் என்று காட்டினால் போதும். வாயில் பதிவேடு, ஆலைப் பேருந்து, காண்டீன் டோக்கன் எல்லாம் அதற்கு உதவும்.

இயந்திரத்தைக் கையாள்வதில் காட்டும் அலட்சியம் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 289-ஆம் பிரிவின்படி தனியான குற்றம். புகார் கொடுக்க விரும்பினால் கஞ்சிக்கோட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. எல்லை எதுவானாலும் மதுக்கரைக் காவல் நிலையத்திலேயே தகவலைப் பதிந்து அங்கே அனுப்பிவைக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் நான் முதலில் இ.எஸ்.ஐ. வழியைத்தான் பிடிப்பேன். வேலை செய்ய முடியாத நாள்களுக்குச் சராசரி நாள் கூலியில் 90 சதவீதம் அங்கே கிடைக்கும். மணிக்கட்டில் நிரந்தர இழப்பு தங்கினால், மருத்துவ வாரியம் அளவிடும் சதவீதத்துக்கு ஏற்ப மாத உதவித்தொகை உண்டு. இ.எஸ்.ஐ. மத்திய அமைப்பு என்பதால் கஞ்சிக்கோட்டுக் காயத்துக்குக் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை பெறுவதில் சிக்கல் இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. பொருந்துகிற இடத்தில் அதே காயத்துக்கு 1923 சட்டத்தின்படியும் இழப்பீடு கேட்க முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தற்காலிக இயலாமை உதவி பெற்றுவரும் காலத்தில் உங்களை வேலையை விட்டு நீக்கக் கூடாது; நீக்கினால் அந்த உத்தரவு செல்லாது.

கேள்வி: செங்கோட்டைக்காரன். ஆரியங்காவு பக்கம் ஒரு மரப் பட்டறையில் தச்சனாக இருந்தேன். 2025 பிப்ரவரியில் வட்ட ரம்பத்தில் வலது பெருவிரல் அடியோடு போனது. 45 வயது முடிந்திருந்தது. மாதம் 20,000 ரூபாய் சம்பளம். அரசு மருத்துவக் குழு ஊனச் சான்றில் 18 சதவீதம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. முதலாளியின் இன்சூரன்ஸ் நிறுவனம், 18 சதவீதத்துக்குத்தான் தருவோம் என்கிறது.

பதில்: அது வேறு சதவீதம், இது வேறு சதவீதம். ஊனச் சான்று உடலின் இயக்கம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் சலுகைகள் பலவற்றுக்கு அதில் 40 சதவீதம் தேவை. இழப்பீட்டுச் சட்டம் அளப்பதோ சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட குறைவை. பெருவிரல் முழுவதும் போனால் 30 சதவீதம், நுனிக்கணு மட்டும் போனால் 20 சதவீதம் என்று அட்டவணையே எழுதிவைத்திருக்கும்போது, அதற்குக் கீழே இறங்கிப் பேரம் பேச இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு இடம் கிடையாது. 15,000 ரூபாயில் 60 சதவீதம் 9,000. உங்கள் வயதுக்குரிய பெருக்கெண் 169.44, பெருக்கினால் 15,24,960 ரூபாய். அதில் 30 சதவீதம் 4,57,488 ரூபாய். அவர்கள் சொல்லும் 18 சதவீதம் 2,74,493 ரூபாய். வித்தியாசம் ஏறக்குறைய 1,83,000 ரூபாய்.

இதற்கும் மேலே கேட்க இடம் உண்டா என்று யோசியுங்கள். 1975-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு தச்சரின் வழக்கு வந்தது. அவருக்கு இடது கை முழங்கைக்கு மேல் எடுக்கப்பட்டிருந்தது. அட்டவணைப்படி பகுதி இழப்புதான் என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, அவர் தெரிந்த தொழிலுக்கு முழுவதும் தகுதியற்றவராகிவிட்டார், ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பெருவிரலுக்கு அந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்லமாட்டேன். உளியைப் பிடிப்பதற்கும், ரம்பத்தின் அடியில் பலகையைத் தள்ளிக் கொடுப்பதற்கும், இழைப்புளியை அழுத்துவதற்கும் வலது பெருவிரல் இல்லாமல் என்ன ஆகிறது என்பதை மருத்துவர் ஒருவர் ஆணையர் முன் சாட்சியமாகச் சொன்னால், 30 என்பது உச்சவரம்பாக நிற்காமல் தொடக்கப் புள்ளியாக மாற வாய்ப்பு இருக்கிறது. உங்கள் கெடு 2027 பிப்ரவரி. தென்காசி மாவட்டத்துக்குரிய ஆணையரிடமே மனுச் செய்யலாம்.

கேள்வி: மீனாட்சிபுரம் அருகே ஏழு பேரை வைத்துச் சிறிய நார் மில் நடத்துகிறேன். எல்லோரும் முதலாளியையே குறை சொல்கிறீர்கள். நான் பெல்ட்டுக்குக் கவர் போட்டுத்தான் வைத்திருந்தேன். ஒடிசாவிலிருந்து வந்த பையன் அதைக் கழற்றிவிட்டு வேலை செய்து விரலை விட்டுவிட்டான். "கவரைக் கழற்றக் கூடாது" என்று பலகையும் வைத்திருக்கிறேன். இதற்கும் நான் பணம் கட்ட வேண்டுமா?

பதில்: உங்கள் தரப்புக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு அகலமான இடம் இல்லை. பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட மறைப்பை, அது பாதுகாப்புக்கானது என்று தெரிந்தே, வேண்டுமென்று தொழிலாளி அகற்றியிருந்து, விபத்து நேரடியாக அதனால் ஏற்பட்டிருந்தால் இழப்பீட்டை மறுக்கலாம். குடிபோதையில் இருந்ததற்கும் இதே விதிதான். ஆனால் மரணமோ நிரந்தர முழு இயலாமையோ ஏற்பட்டிருந்தால் இந்த வாதம் எடுபடாது. மற்றக் காயங்களிலும் நிரூபிக்கும் சுமை உங்களுடையது.

ஆணையர் உங்களிடம் கேட்கப்போகும் கேள்விகளை நானே கேட்டுவிடுகிறேன். பலகை எந்த மொழியில் இருக்கிறது? தமிழிலும் மலையாளத்திலும் என்றால், ஒடியா மட்டும் படிக்கத் தெரிந்த இளைஞருக்கு அது சுவரில் அடித்த வண்ணம். அந்தக் கவர் எத்தனை நாளாகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது? அதன்மேல் படிந்த தூசியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நீங்கள் தினமும் அந்தப் பக்கம் நடந்துபோய்க்கொண்டிருந்தால், கண்டும் காணாமல் விட்டதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அவர் ஏன் கழற்றினார்? இதுதான் முக்கியமான கேள்வி. உங்கள் கவர் எட்டு போல்ட்டில் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நார் சுற்றிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் ஸ்பேனரைத் தேடி எட்டு போல்ட்டைக் கழற்றி மறுபடி முறுக்கினால், லோடு கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு அரை நாள் கூலி போய்விடும். அவர் கழற்றிய கவரைத் திரும்ப மாட்டாததில் உங்கள் கூலி முறைக்கும் பங்கு இருக்கிறது.

பணம் பற்றி இரண்டு விஷயம். ஏழு பேர் என்பதால் உங்களுக்கு இ.எஸ்.ஐ. பாதுகாப்பு இல்லை, இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். ஆகவே பணியாளர் இழப்பீட்டுக் காப்பீடு எடுங்கள். அசலைக் காப்பீட்டு நிறுவனம் ஏற்கும்; வட்டியையும் ஏற்குமா என்பது பாலிசியின் நிபந்தனையைப் பொறுத்தது. தாமதத்துக்காக விதிக்கப்படும் அபராதத்தை ஏற்காது, அதை நீங்களே கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டாவது, விரல் போன்ற நிரந்தர இழப்பு ஏற்பட்டால் ஏழு நாளுக்குள் ஆணையருக்கு அறிக்கை அனுப்பும் கடமை உங்களுக்கு உண்டு. முத்திரைத்தாளில் முடித்துக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், இந்தப் பக்கத்தின் முதல் பதிலை அவருக்குக் காட்டுங்கள். அந்த இளைஞர் ஊருக்குத் திரும்பிவிட்டார் என்பதால் விஷயம் முடிந்துவிட்டதாகவும் எண்ண வேண்டாம். அவர் ஒடிசாவில் தம் சொந்த மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம்.

இயந்திரத்துக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். எட்டு போல்ட்டை எடுத்துவிட்டு ஒரு பக்கம் கீல் வைத்துக் கதவுபோல் திறக்கும் கவராக மாற்றச் சொல்லுங்கள்; உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே முடியும் வேலை. கதவு திறந்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் தானாக அறுபடும்படி ஒரு லிமிட் சுவிட்ச்சை எலக்ட்ரீஷியன் பொருத்தித் தருவார். அதோடு நிறுத்தினால் போதாது, ஏனென்றால் மின்சாரம் போன பிறகும் டிரம் சுற்றிக்கொண்டிருக்கும். டிரம் நின்றதைக் கண்ணால் பார்க்க, கவரில் கம்பி வலை போட்ட ஒரு சிறிய சன்னல் வையுங்கள். நார் எடுக்கப் போகிறவர் மெயின் சுவிட்ச்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போக வேண்டும். மாற்றுச் சாவி உங்கள் மேசை டிராயரில்கூட இருக்கக் கூடாது.